சபையில் அமர்வோர் யார்?

வாண்டோம் மெற்றோ நிலையத்தில் 105ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, ஷேர்புறூக் வீதி வழியே மேற்கு நோக்கிப் பயணம் செய்யும் எம்மவர்க்கு அந்தக் கட்டிடம் கண்ணுக்குப் பழகிய ஒன்றாகும். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், ஜிறுவார் பூங்காவுக்கு எதிரே, எகிப்தியச் சிற்ப வேலைப்பாடு கொண்ட முகப்புடனும் அடைத்த கதவுகளுடனும் நிற்கிறது எம்பிறஸ் திரையரங்கு. வேலைக்குப் போகும் அவசரத்தில் நாம் அதை நின்று பார்ப்பதில்லை. பார்த்தாலும், யாரோ ஒருவருடைய பாழடைந்த கட்டிடம் என்று எண்ணிக் கடந்து விடுகின்றோம்.

1922இல் எகிப்தில் துட்டன்காமன் மன்னனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, எகிப்தியக் கலை மீதான மோகம் உலகெங்கும் பரவியது. அந்த மோகத்தின் பிள்ளையாக 1927இல் எழுந்த அரங்கு இது. கட்டிடத்தை வரைந்தவர் ஜோசப்-அல்சீட் ஷோசே. உட்புறத்தை அலங்கரித்தவர் இம்மானுவேல் பிறிஃபா. மோல்ற்றாத் தீவில் பிறந்து, இந்த மண்ணுக்கு எம்மைப் போலவே வந்து சேர்ந்த ஒரு கலைஞர். பல பெயர்களும் பல வேடங்களும் தாங்கிய அவ்வரங்கு, 1992இல் ஏற்பட்ட தீ விபத்தோடு மூடப்பட்டது. 1999இல் மொன்றியல் மாநகரசபை அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. அயலிலுள்ளோர் இலாப நோக்கற்ற அமைப்புகளை உருவாக்கினார்கள், திட்டங்கள் வரைந்தார்கள், கூட்டங்கள் நடத்தினார்கள். ஒரு முயற்சி ஓய, இன்னொன்று தோன்றியது. ஆயினும் முப்பது ஆண்டுகள் கடந்தும் அங்கே திரை மீண்டும் ஒளிரவில்லை.

அம்முயற்சிகளில் ஈடுபட்டோரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. பழுதுபட்ட ஒரு பெரிய கட்டிடத்தைத் திருத்தி எடுப்பது இலகுவான காரியமன்று என்பதை நாம் அறிவோம். நாம் கேட்க விரும்பும் கேள்வி எம்மை நோக்கியதே. ஒரு பொதுக் கலைக்கூடத்தின் கதி பற்றி இத்தனை ஆண்டுகள் கூடிக் கதைக்கப்பட்ட அறைகளில் நாம் எங்கே இருந்தோம்? இந்த நகரத்தில் திரைக்கலையை வளர்க்கும் தொண்டு நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றின் பணிப்பாளர் சபைகளில் அமர்வோர் யார், எங்கிருந்து வந்தோர் என்பதை நாம் ஒருமுறையாவது விசாரித்ததுண்டா?

பணிப்பாளர் சபை என்றதும் எம்மவர் மனத்தில் தோன்றுவது கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த சில கனவான்களின் படம். அது ஏதோ கௌரவப் பதவி என்பதே பொதுவான எண்ணம். உண்மை வேறு. தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு முதலாளி கிடையாது. அதன் பணமும் பொருளும் பொதுநோக்கம் ஒன்றுக்காக ஒப்படைக்கப்பட்டவை. அவற்றுக்குக் காவலாய் நிற்பதே சபையின் கடமை. நிறைவேற்றுப் பணிப்பாளரை நியமிப்பதும் நீக்குவதும், வரவு செலவுத் திட்டத்தை ஏற்பதும் மறுப்பதும், எந்த விழாவை நடத்துவது, எந்தப் பயிற்சியை நிறுத்துவது என்ற பெருந்தீர்மானங்களை எடுப்பதும் அந்தச் சபையே. திரையில் நாம் காண்பது இறுதி விளைவு மாத்திரமே. அந்தப் படம் திரைக்கு வருமா என்ற தீர்மானம் பல மாதங்களுக்கு முன்னரே ஒரு மேசையைச் சுற்றி எடுக்கப்பட்டு விடுகிறது.

இத்தகைய நிறுவனம் எதையாவது எடுத்து, அதன் சபையினர் பற்றிய குறிப்புகளை வாசித்துப் பாருங்கள். ஒருவர் சட்டத்தரணி, ஒருவர் பட்டயக் கணக்காளர், ஒருவர் வங்கியில் உயர்பதவி வகித்தவர், ஒருவர் தொலைக்காட்சி நிறுவனமொன்றின் முன்னாள் அதிகாரி, ஒருவர் விளம்பரத் துறையினர். இவர்கள் வேண்டாதவர்கள் என்று நாம் கூறமாட்டோம். கணக்கறியாத சபை கடனில் மூழ்கும். சட்டம் அறியாத சபை ஒப்பந்தத்தில் ஏமாறும். ஆனால், படம் எடுப்போரும், படம் பார்ப்போரும், படத்தில் காட்டப்படும் மக்களும் அந்தப் பட்டியலில் இல்லாவிடின், சபை தன் கண்ணை மூடிக்கொண்டு காவல் காக்கிறது என்றே பொருள். எவருடைய கதை சொல்லத் தக்கது, எவருடைய மொழிக்கு மொழிபெயர்ப்பு வேண்டும், எந்த அயலில் அரங்கு திறக்க வேண்டும் என்பவற்றுக்கு ஐந்தொகை மட்டும் விடை சொல்லாது.

தலைமையில் அமர்வோரின் பின்னணி மாறினால் திரையும் மாறும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. மொன்றியல் நகரின் வரலாறே சான்று. கனடிய தேசியத் திரைப்படச் சபை தொண்டு நிறுவனமன்று, அரச அமைப்பு. எனினும் அதன் கதை எமக்கு நல்ல பாடமாகும். 1939இல் அது தொடங்கப்பட்டபோது முதல் ஆணையாளராகப் பொறுப்பேற்றவர் ஸ்கொட்லாந்தில் பிறந்த ஜோன் கிறியர்சன். விவரணப் படத்துறையின் முன்னோடி. பின்னர் வந்த ஆர்தர் இர்வின் சஞ்சிகை ஆசிரியர். அவரை அடுத்து வந்த அல்பேட் ட்றூமன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். தொழில்கள் வெவ்வேறாயினும் ஒன்றில் ஒற்றுமை இருந்தது. முதல் 18 ஆண்டுகளில் அப்பதவியில் பிரெஞ்சு மொழிக் கனடியர் எவரும் அமரவில்லை.

1956இல் சபையின் தலைமையகம் ஒட்டாவாவிலிருந்து மொன்றியலுக்கு மாறியது. பிரெஞ்சு மொழி பேசும் மாநகரின் நடுவே இருந்துகொண்டு, பிரெஞ்சுக் கலைஞர்களை இரண்டாந்தரமாக நடத்துவதா என்ற குரல் எழுந்தது. 1957இன் முற்பகுதியில் லு துவுவார் நாளேடு இதைப் பெரும் பிரச்சினையாக எழுப்பித் தொடர்ந்து எழுதியது. அதே ஆண்டில் கீ றொபேர்ஜ் முதலாவது பிரெஞ்சு மொழி ஆணையாளராக நியமனம் பெற்றார். கவனிக்க வேண்டியது என்னவெனில், அவர் திரைப்படக் கலைஞர் அல்லர்; சட்டத்தரணி. கியூபெக் சட்டசபையில் உறுப்பினராய் இருந்தவர். ஆயினும், எந்த மக்களிடமிருந்து வந்தாரோ அந்த மக்களின் முறைப்பாடு அவர் காதுக்குப் புதிதாக இருக்கவில்லை. அவர் காலத்தில், 1964இல், பிரெஞ்சுத் தயாரிப்புப் பிரிவு தனித்து இயங்கும் உரிமை பெற்றது. கியூபெக்கின் திரைப்படக் கலை தலைநிமிர அது பெரிதும் உதவியது.

அதன் பின்னர் பெண்களின் முறை வந்தது. 1974இல் கத்லீன் ஷனன் தலைமையில் ‘ஸ்ரூடியோ டி’ என்ற பெண்கள் பிரிவு அங்கே அமைக்கப்பட்டது. பெண்களாலேயே நடத்தப்பட்ட அப்பிரிவு ஒஸ்கார் விருது வரை சென்றது. 1996இல் அது மூடப்பட்டது. பிறரால் தரப்பட்ட இடம் பிறராலேயே எடுக்கப்படவும் கூடும் என்பது அதில் அடங்கிய இன்னொரு பாடம்.

அபனாக்கி இனத்தவரான அலானிஸ் ஒபொம்சாவின் 1967இல் அச்சபையில் சேர்ந்தார். 1990இல் மொன்றியலுக்கு அருகே ஓக்காவில் முதற்குடி மக்களுக்கும் இராணுவத்துக்கும் இடையில் 78 நாட்கள் நீடித்த முற்றுகையின்போது, அவர் தடையரண்களுக்கு உட்புறம் நின்று படம் பிடித்தார். 1993இல் வெளிவந்த ‘கனேசற்றாக்கே’ பற்றிய அவரது விவரணப் படம், தொலைக்காட்சிச் செய்திகள் காட்டாத பக்கத்தை உலகுக்குக் காட்டியது. கமரா எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதே கதையைத் தீர்மானிக்கிறது. கமராவை எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது என்பதை ஒரு நிறுவனம் தீர்மானிக்கிறது. அந்த நிறுவனத்தின் உள்ளே யார் இருக்கின்றார் என்பது ஆகையினால் சிறிய விடயமன்று.

இப்போது தொண்டு அமைப்புகளுக்கு வருவோம். 2004இல் கியூபெக் திரைப்பட நெறியாளர் மனோன் பார்போ, அற்றிகமேக் மக்களின் சபையோடும் முதற்குடி இளைஞர் அமைப்போடும் இணைந்து ‘வாப்பிக்கொனி மொபில்’ என்ற நடமாடும் திரைப்படக் கூடத்தைத் தொடங்கினார். வீதி விபத்தில் இறந்த இளம் அற்றிகமேக் பெண் ஒருவரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. வாகனமொன்றில் கமராவும் ஒலிப்பதிவுக் கருவிகளும் கிராமம் கிராமமாகச் சென்றன. இளைஞர்கள் தம் கதைகளைத் தாமே படமாக்கினர். பின்னாளில் அதன் தலைமைப் பொறுப்பும் முதற்குடிப் பெண்களின் கைக்கு வந்து சேர்ந்தது. தொடங்கியவர் விலகி வழிவிடுதல் எத்துணைப் பெரிய பண்பு என்பதை எம்மவர் சங்கங்களை அறிந்த வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டில், அதாவது 2005இல், ஹெயிற்றியில் பிறந்த நடிகை ஃபபியென் கோலா தமது பெயரால் ஓர் அறநிதியத்தை அமைத்து, மொன்றியலில் ஹெயிற்றித் திரைப்பட விழாவைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்று மொன்றியல் சர்வதேசக் கறுப்பினத் திரைப்பட விழாவாக விளங்குகிறது. இந்த நகரில் ஹெயிற்றி மக்களின் நிலை எமது நிலைக்கு வெகு தூரமானதன்று. அவர்களும் கொடுங்கோன்மைக்கு அஞ்சி வந்தவர்கள். அவர்களும் தொழிற்சாலையிலும் வாடகைக் காரிலும் உழைத்தவர்கள். அவர்களால் இயன்றது எம்மால் ஏன் இயலாது?

நாடளாவிய நிலை என்ன? ரட்னா ஒமிட்வார் என்ற பெயரை எம்மவர் நினைவில் வைத்திருத்தல் நன்று. அமிர்தசரசில் பிறந்து, ஈரானில் வாழ்ந்து, அங்கிருந்து தப்பி 1981இல் கனடாவை வந்தடைந்த பெண்மணி அவர். 2016 முதல் 2024 வரை கனடிய மேற்சபை உறுப்பினராக இருந்தார். தொண்டு நிறுவனங்களின் பணிப்பாளர் சபைகளில் யார் அமர்ந்திருக்கின்றனர் என்பதற்குக் கணக்கே இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். அதன் பின்னரே கனடியப் புள்ளிவிபரத் திணைக்களம் 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரை ஓர் ஆய்வை நடத்தியது. 8,835 பேர் பதிலளித்தனர். அவர்களுள் சபை உறுப்பினர்களாய் இருந்தோரில் பெண்கள் 59 சதவீதம். குடிவரவாளர் 14 சதவீதம் மாத்திரமே. வெள்ளையரல்லாத சிறுபான்மை இனத்தவர் 11 சதவீதம். விரும்பியோர் பதிலளித்த ஆய்வு என்பதால் இதை முழு உண்மையாகக் கொள்ள முடியாது. எனினும், அதே 2021இல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பின்படி இந்நாட்டு மக்களில் 23 சதவீதத்தினர் குடிவரவாளர் என்பதையும் அருகே வைத்துப் பார்த்தால், இடைவெளி எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும்.

இதனால் எமக்கு என்ன இழப்பு என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு எமது வரலாற்றிலிருந்தே விடை கூறுவோம்.

1986 ஆகஸ்ற் மாதத்தில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்கள் மீட்கப்பட்டனர். கனடாவின் தொலைக்காட்சித் திரைகளில் எமது முகங்கள் அன்று நாளும் பொழுதும் காட்டப்பட்டன. அவர்கள் யார், ஏன் வந்தார்கள் என்பதைச் சொன்ன குரல் எம்முடையதாக இருக்கவில்லை. 2015இல் கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதைப் பெற்ற ‘தீபன்’ படத்தில், பிரான்சில் தஞ்சம் பெற்று வாழும் எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரம் ஏற்று நடித்தமை எமக்குப் பெருமையே. ஆயினும் நெறியாளரும் தயாரிப்பாளரும் பிரெஞ்சுக்காரரே.

2020இல் வெளிவந்த ‘ஃபனி போய்’ படமோ இன்னும் அண்மையான சான்று. 1983இன் பின் கனடாவுக்கு வந்த ஷியாம் செல்வதுரையின் 1994ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, தீபா மேத்தா நெறிப்படுத்திய படம் அது. தமிழ்க் குடும்பத்தின் கதையில் முக்கிய பாத்திரங்களுக்குத் தமிழர் போதியளவு தெரிவு செய்யப்படவில்லை என்றும், பேசப்பட்ட தமிழ் எமது தமிழாக இல்லை என்றும் எம்மவர் மத்தியில் கண்டனம் எழுந்தது. கனடாவின் சார்பில் ஒஸ்காரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு அது அனுப்பப்பட்டது. உரையாடலில் பெரும்பகுதி ஆங்கிலம் என்ற காரணத்தால் அப்பிரிவுக்கு ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஒரு தமிழ்க் கதைக்கு எவ்வளவு தமிழ் வேண்டும் என்ற கேள்வி, படம் முடிந்த பின் வீதியில் எழுந்தது. பணம் ஒதுக்கப்படும் மேசையில் அது முன்னரே எழுந்திருக்க வேண்டும். அதை எழுப்பக்கூடிய ஒருவர் அங்கே அமர்ந்திருக்க வேண்டும்.

இன்னொரு இழப்பும் உண்டு. அது இப்போதும் நடந்து கொண்டிருக்கிறது. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததை நாம் மறக்கவில்லை. 1983 யூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோ எரியூட்டப்பட்டபோது திரைப்படச் சுருள்களும் சாம்பரானதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கின்றோம்? ‘பொன்மணி’, ‘வாடைக்காற்று’ என்று எழுபதுகளில் எமது மண்ணில் எடுக்கப்பட்ட படங்களின் பெயரையாவது எமது பிள்ளைகள் அறிவார்களா? அங்கே தீ அழித்தது. இங்கே எமது அலட்சியம் அழிக்கிறது. புலம்பெயர்ந்த முதற் பத்தாண்டுகளில் நாம் எடுத்த நாடகங்கள், கலைவிழாக்கள், ஊர்வலங்கள், கலியாண வீடுகள் யாவும் வீடியோ நாடாக்களாக நிலவறைகளில் கிடக்கின்றன. காந்த நாடா சாகாவரம் பெற்றதன்று. சில பத்தாண்டுகளில் அதன் பூச்சு உதிரும்; படம் மங்கும்; ஓட்டிப் பார்க்கக் கருவியும் கிடைக்காது.

அவற்றைப் பேணுவதற்குரிய கலையும் கருவியும் இந்த நகரில் இல்லாமலில்லை. 1963இல் திரைப்படக் கலைஞர்கள் சேர்ந்து அமைத்த சங்கமொன்றே இன்று ‘கியூபெக் சினமாத்தேக்’ என்ற பெரும் திரைப்படக் காப்பகமாக வளர்ந்துள்ளது. ஆனால் எமது நிலவறைப் பெட்டிக்கும் அத்தகைய காப்பகத்துக்கும் நடுவே வழி வேண்டும். ‘இந்த மக்களிடம் இப்படியொரு செல்வம் உள்ளது’ என்று எடுத்துச் சொல்ல, அத்தகைய நிறுவனங்களின் சபைகளிலும் குழுக்களிலும் எம்மவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

பிறரை நோக்கி விரல் நீட்டும்போது, எமது முற்றத்தையும் பார்த்துக்கொள்வது நேர்மையாகும். ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கலை மன்றங்கள் என்று எம்மிடையே அமைப்புகளுக்குக் குறைவில்லை. அவற்றின் நிர்வாக சபைகளின் பட்டியலை எடுத்து, அதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போமா? பத்தாண்டுகளாக ஒருவரே தலைவர். அவர் மைத்துனர் பொருளாளர். நன்கொடை கொடுத்தவர் போஷகர். பெண்கள் சமையலுக்கும் மங்கள விளக்கு ஏற்றுவதற்கும். இளைஞர்கள் ஒலிபெருக்கி பூட்டுவதற்கும் கதிரை அடுக்குவதற்கும். நேற்று வந்து அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருப்பவர் மண்டபத்தைக் கூட்டுவதற்கு. யாழ்ப்பாணத்தார், வன்னியார், மட்டக்களப்பார், மலையகத்தார் என்ற பேதமும், வெளியே சொல்லாத சாதிப் பேதமும் அந்தப் பட்டியலில் ஒளிந்திருக்கின்றன. கணக்கறிக்கை கேட்டவர் துரோகி ஆகிறார். பின்னணி பற்றிய கேள்வியை வெள்ளையரின் நிறுவனங்களிடம் மாத்திரம் கேட்டுவிட்டு, எமது சங்கத்தில் கேட்க அஞ்சுவோமாயின், எமது கேள்விக்கு மதிப்பு ஏது?

ஒன்றை இங்கே வற்புறுத்திக் கூறவேண்டும். பின்னணி என்பது வெறும் பிறப்புச் சான்றிதழன்று. தமிழ்ப் பெயர் ஒன்று பட்டியலில் இருப்பதாலேயே தமிழரின் நலன் காக்கப்பட்டுவிடாது. படம் எடுப்பதற்கும் பத்திரிகையில் போடுவதற்கும் ஒருவரை அமர்த்தி, அவர் வாய் திறவாதிருப்பதை விரும்பும் சபைகளும் உண்டு. தனித்த ஒருவர் ஓர் இனத்தின் பாரம் முழுவதையும் சுமக்க முடியாது. கீ றொபேர்ஜின் கதையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். உள்ளே ஒருவர் இருந்தார். வெளியே ஒரு பத்திரிகையும் ஒரு மக்கள் கூட்டமும் விழிப்போடு நின்றன. இரண்டும் சேர்ந்தபோதே மாற்றம் வந்தது. எனவே, உள்ளே செல்பவருக்கு வெளியே நிற்கும் நாம் துணையாக இருக்க வேண்டும். அவரிடம் கணக்குக் கேட்கவும் வேண்டும்.

செய்ய வேண்டியவை என்ன? எமது வாசகர்க்கு உதவும் பொருட்டுச் சிலவற்றைக் குறிப்பிடுகின்றோம்.

முதலாவது, அறிந்துகொள்ளுதல். பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் ஆண்டுதோறும் கனடிய வருமானவரித் திணைக்களத்துக்கு அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். அதில் பணிப்பாளர்களின் பெயர்களும் வரவு செலவும் அடங்கும். இவற்றை எவரும் பார்வையிடலாம். கேட்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இரண்டாவது, தகுதி பற்றிய வீண் அச்சத்தை விடுதல். பொதுமக்களிடம் நிதி திரட்டும் சமஷ்டிச் சட்ட அமைப்பொன்றுக்குக் குறைந்தது மூன்று பணிப்பாளர்கள் வேண்டும். அவர்களில் இருவராவது அதன் ஊழியராகவோ அலுவலராகவோ இருத்தலாகாது. பணிப்பாளர் 18 வயது நிரம்பியவராகவும், வங்குரோத்து நிலையில் இல்லாதவராகவும், தம் காரியங்களைக் கவனிக்கும் ஆற்றலுள்ளவராகவும் இருக்க வேண்டும். சமஷ்டிச் சட்டம் குடியுரிமையைக் கேட்கவில்லை. எனினும் அவ்வவ் அமைப்பின் யாப்பு மேலதிக நிபந்தனை விதித்திருக்கக் கூடும். அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளோர், கையொப்பமிடுமுன் தமது சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது புத்தியாகும்.

மூன்றாவது, பொறுப்பை உணர்தல். இது மாலை மரியாதைக்கான பதவியன்று. ஊழியரின் சம்பளத்தில் கழித்த வரிப்பணம் அரசுக்குச் செலுத்தப்படாவிடின், பணிப்பாளர்களே அதற்குப் பொறுப்பாக்கப்படக் கூடும். கூட்டக் குறிப்பை வாசிக்காமல் கையை உயர்த்துபவர் தமக்கும் தீங்கு செய்கிறார், அமைப்புக்கும் தீங்கு செய்கிறார்.

நான்காவது, படிப்படியாக ஏறுதல். முதலில் அங்கத்தவராகுங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குச் செல்லுங்கள். விழாக்களில் தொண்டராகப் பணியாற்றுங்கள். உபகுழு ஒன்றில் இடம் கேளுங்கள். இந்த மாகாணத்தில் பிரெஞ்சு மொழி அறியாது சபையில் வாதாட முடியாது. ஆகவே மொழியைக் கற்பதும் இதில் ஒரு பகுதியாகும். எமது பிள்ளைகள் மூன்று மொழிகளில் சரளமாகக் கதைக்கின்றார்கள். கணக்காளர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் படப்பிடிப்பாளர்களாகவும் தேறியிருக்கின்றார்கள். சபைகள் தேடும் தொழிலறிவும், சபைகளில் இல்லாத வாழ்க்கை அனுபவமும் ஒருங்கே அமைந்தவர்கள் அவர்களே. ‘சம்பளமில்லாத வேலை எதற்கு?’ என்று அவர்களைப் பெற்றோர் தடுக்கலாகாது.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பது மட்டும் போதாது. பகல் வேளையில் கூட்டம் வைத்தால் தொழிற்சாலையில் வேலை செய்பவர் எவ்வாறு வருவார்? பிள்ளையைப் பார்க்க ஆளில்லாத தாய் எவ்வாறு வருவாள்? சபைக்கு வருவோர் பெருந்தொகை நன்கொடை திரட்டித் தரவேண்டும் என்ற எழுதாத விதி இருக்கும் வரை, புதிதாக வந்தோர் எவ்வாறு உள்ளே வருவர்? பதவிக்காலத்துக்கு ஓர் எல்லை வகுத்து, வெற்றிடங்களைப் பகிரங்கமாக அறிவித்தால், நண்பரின் நண்பரையே தேடும் பழக்கம் குறையும். இந்த விதிகள் எமது சங்கங்களுக்கும் பொருந்தும்.

தேர் ஓடுவதற்கு ஊர் கூட வேண்டும் என்பது எமக்குத் தெரியும். வடத்தில் கை வைக்க எல்லோரையும் அழைக்கும் ஊரில், தேர் எந்த வீதியால் போவது என்பதை மட்டும் நாலு பேர் உள்ளே இருந்து தீர்மானிப்பது நீதியாகாது. அந்நியரின் ஊராயினும் சொந்த ஊராயினும் இது ஒன்றேதான்.

நாளை அதே 105ஆம் இலக்க பஸ்ஸில் நாம் அந்தக் கட்டிடத்தைக் கடப்போம். ஒரு குடியேறியின் கை அலங்கரித்த மண்டபம் அது. இனி அதன் எதிர்காலம் எதுவாயினும், நோத்ர-டாம்-த-கிரேஸ் மக்களின் கூட்டமொன்றில் அது பற்றி அடுத்த முறை கதைக்கப்படும்போது, எமது சனத்தில் ஒருவராவது எழுந்து கேள்வி கேட்டார் என்ற செய்தியை இப்பத்திரிகையில் அச்சிட நாம் ஆவலோடு காத்திருக்கின்றோம்.